நகைப்புக்கும் ஒரு கொளு வேண்டுமா?

ஔவையார் தொண்டைமானிடம் தூது சென்று பாடிய புறநானூற்றுப் பாட்டை அறியாத தமிழ் மாணவர் இரார். இங்கேயுள்ள படைக்கலங்கள் பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசப்பெற்றுக் காவல் மிகுந்த மாளிகையில் அழகாக இருக்கின்றன. எம் தலைவனுடைய வேல்களோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்கிறார் புலவர். கேட்ட மாத்திரத்தில் புகழ்ச்சி போலத் தோன்றும் இது, போர் முகம் காணாத ஓர் அரசனைக் குத்திக் காட்டும் அங்கதம். ஆனால், அவர் தூது வந்தவர் என்பதையும், தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைத் திறந்து காட்டினான் என்பதையும் நாம் எங்கிருந்து அறிகிறோம்? பாட்டிலிருந்து அன்று. அதன் கீழே யாரோ ஒரு புண்ணியவான் எழுதிவைத்த கொளுவிலிருந்து. அந்த ஒரு வாக்கியம் அழிந்து போயிருந்தால் பாட்டு நம் கையில் பாதி ஊமையாகவே வந்து சேர்ந்திருக்கும்.

இந்தக் கொளுவை அண்மையில் எனக்கு நினைவூட்டியது ஒரு சினிமாப் படம். எங்கள் ஊர் இலக்கிய வட்டத்தில் மாதம் ஒருமுறை பிறநாட்டுப் படம் ஒன்றைக் காட்டி, பின்னர் அதைப் பற்றி உரையாடுவது வழக்கம். ஸ்கொத்லாந்துக்காரராகிய ஆர்மண்டோ இயானுச்சி 2017ஆம் ஆண்டில் எடுத்த ‘ஸ்டாலினின் மரணம்’ என்ற படத்தைத் தெரிவு செய்தவன் நான். ஒரு பிரெஞ்சுச் சித்திரக் கதையைத் தழுவிய படம் அது. 1953 மார்ச்சில் ஸ்டாலின் நோயுற்று விழுந்ததும், அவரைச் சூழ்ந்திருந்த பெருமக்கள் நடுங்கிக்கொண்டே ஒருவரை ஒருவர் கவிழ்க்க முயன்றதும் கதை. குருஷேவ் நியூயோர்க் நகரத்தவர் போலப் பேசுகிறார். மார்ஷல் சுக்கோவ் வட இங்கிலாந்துக் கொச்சையில் உறுமுகிறார். ருஷ்யர் போல உச்சரிக்க எவரும் முயலவில்லை. வயிறு குலுங்கச் சிரித்தோம்.

அடுத்த மாதம் எங்கள் கையெழுத்துப் பத்திரிகைக்கு ஒரு மாணவர் கட்டுரை கொணர்ந்தார். ஸ்டாலினின் இறுதிச் சடங்கை ஒட்டியே பெரியா பிடிபட்டு, விசாரிக்கப்பட்டு, சுடப்பட்டார் என்று அதில் எழுதியிருந்தார். படத்தில் அப்படித்தான் வருகிறது. உண்மையிலோ ஸ்டாலின் இறந்தது மார்ச் 5. இறுதிச் சடங்கு மார்ச் 9. பெரியா கைதானது ஜூன் 26. சுடப்பட்டது டிசெம்பர் 23. ஒன்பது மாதத்தை இயக்குநர் ஒரு நாளாகச் சுருட்டிவிட்டார். மாணவரை நான் கடிந்துகொள்ளவில்லை. படத்தைக் காட்டியவன் நான். திகதிகளைச் சொல்லாதவனும் நானே.

அப்படியாயின் இயக்குநர் குற்றவாளியா? இல்லை என்றே முதலில் வாதித்தேன். நகைச்சுவைக்கு வேகம் உயிர். ஒன்பது மாதம் காத்திருந்து விழும் அடி சிரிப்பை எழுப்பாது. அன்றியும், படத்தில் மிகையென்று தோன்றுபவற்றுட் பல மிகையேயல்ல. விழுந்து கிடந்தவரின் அறைக்குள் நுழையக் காவலர் அஞ்சியது மெய். நல்ல வைத்தியர்களை நஞ்சூட்டச் சதிசெய்தவர்களென்று சிறையில் அடைத்துவிட்டு, பின்னர் வைத்தியருக்குத் தவித்ததும் மெய். அந்தச் சதிக் குற்றச்சாட்டு 1953 ஜனவரியில் வெளியானது. மொலொட்டோவின் மனைவி 1949இல் கைதானவர். கணவரோ தலைவரின் விசுவாசியாகவே இருந்தார். இதற்கு மேல் எந்த விகடகவி என்ன கற்பனை செய்துவிட முடியும்!

என் வாதத்தை உடைத்தவர் ஒரு நண்பர். எண்பதை நெருங்குபவர், 1953இல் ஏழு வயதுச் சிறுவன். அவருடைய தகப்பனார் தொழிற்சங்கத்தில் உழைத்தவர். சுவரிலே ஸ்டாலின் படத்தை மாட்டி வைத்திருந்தவர். மரணச் செய்தி வந்த அன்று வீட்டில் அடுப்பு மூட்டவில்லையாம். படம் முடிந்து எல்லோரும் சிரித்தபடி எழுந்தபோது இவர் மட்டும் கதிரையிலேயே இருந்தார்.

“எல்லாம் சரி. எங்கடை ஐயா ஏன் அழுதவர் எண்டு இந்தப் படத்திலை எங்கை இருக்கு?” என்று கேட்டார்.

நான் மறுமொழி சொல்லவில்லை. ஸ்டாலின்கிராட்டில் ஹிட்லரின் சேனை 1943இல் சரணடைந்தபோது உலகின் பாதி அந்தப் பெயரை நன்றியோடு உச்சரித்தது. கொலைகளின் கணக்கைக் குருஷேவே 1956இல் கட்சி மகாநாட்டில் ஓரளவு வெளியிடும் வரை, கடல்கடந்த நாட்டுத் தொழிலாளி ஒருவர் நம்ப விரும்பியதையே நம்பினார். படத்தில் அச்சம் இருக்கிறது, பேராசை இருக்கிறது, அன்பு இல்லை. ஏமாற்றப்பட்ட அன்பு அந்த ஆட்சியின் கொடுமைகளில் ஒன்றல்லவா?

இதை மனத்தில் வைத்து மீண்டும் பார்த்தபோது ஒரு காட்சி என்னை உறுத்தியது. தலைவரின் உடலைக் காண மாஸ்கோவுக்குத் திரண்டு வரும் மக்களைக் காவற்படையினர் சுட்டுத் தள்ளுவதாகவும், 1500 பேர் மடிந்ததாகவும் படம் காட்டுகிறது. மக்கள் இறந்தது உண்மை. ஆனால் குண்டுபட்டு அன்று. வீதிகளை மறித்து நின்ற லொறிகளுக்கும் சுவர்களுக்கும் இடையே சனநெருக்கத்தில் நசுங்கி இறந்தார்கள். அழ வந்தவர்கள், அழுகைக்கு ஒழுங்கு செய்யத் தெரியாத அரசின் வண்டிகளில் மோதி மாண்டார்கள். அங்கதக்காரனுக்கு இதைவிடக் கூரிய பொருள் வேறு எங்கே கிடைக்கும்? கையில் வந்த மெய்யை எறிந்துவிட்டுப் பொய்யான துப்பாக்கியை எடுத்தது ஏன் என்பது எனக்கு விளங்கவில்லை. காலத்தைச் சுருக்கியதை மன்னிக்கிறேன். இறந்தவர்களின் சாவை மாற்றியதை மன்னிக்க மனம் வரவில்லை.

சாப்ளினின் சங்கதி வேறு. ‘மகா சர்வாதிகாரி’ 1940 ஒக்டோபரில் வெளிவந்தபோது ஹிட்லர் ஐரோப்பாவை மிதித்துக்கொண்டிருந்தார். பின்னணியை எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அது நாள்தோறும் பத்திரிகையில் வந்தது. ஆயினும் அதன் முழுமை சாப்ளினுக்கே தெரியாது. முகாம்களில் நடந்த கொடுமையை அறிந்திருந்தால் அந்தப் படத்தை எடுத்திருக்க முடியாது என்று 1964இல் வெளியான சுயசரிதையில் அவர் ஒப்புக்கொண்டார். நல்லவேளை அவர் அறியவில்லை என்று சில சமயம் எண்ணுகிறேன். படத்தின் முடிவில் நாவிதன் வேடத்தைக் களைந்துவிட்டு அவர் நேராக நம்மை நோக்கிப் பிரசங்கம் செய்கிறாரே, அதுவும் ஒருவகைக் கொளுதான். இருபது வயதில் அது என்னை அழவைத்தது. இப்பொழுது சற்று நீளம் என்று படுகிறது.

முழுமையைக் காட்டு என்று அங்கதக்காரனிடம் அதட்டிக் கேட்பவர் யார் என்பதையும் கவனிக்க வேண்டும். சோவியத் காலத்தை இழிவுசெய்கிறது என்ற முறைப்பாடுகளின் பேரில், 2018 ஜனவரியில், திரையிட இரண்டு நாள் இருக்கையில், ருஷ்யக் கலாசார அமைச்சு இந்தப் படத்தின் அனுமதியை மீட்டுக்கொண்டது. என் நண்பர் கேட்டதும் அமைச்சு கேட்டதும் சொல்லளவில் ஒன்றே போலிருக்கும். ஆனால் நண்பர் படத்தை நிறுத்தச் சொல்லவில்லை. தம் தகப்பனாரையும் உள்ளே சேர்க்கச் சொன்னார்.

சென்ற மாதம் புதிய மாணவர் சிலருக்காக அதே படத்தை மறுபடியும் காட்டினோம். இம்முறை கரும்பலகையில் நான்கு திகதிகளையும், நசுங்கி இறந்தவர்களைப் பற்றி ஒரு வரியையும் எழுதிவைத்தேன். சிரிப்பு குறையவில்லை. துப்பாக்கி வெடிக்கும் காட்சியில் மட்டும் இரண்டொருவர் பலகையைத் திரும்பிப் பார்த்தார்கள். முடிவில் ஒரு பெண் எழுந்து, “சேர், அப்ப அழுத சனம் உண்மையாத்தான் அழுததோ?” என்று கேட்டாள்.

நண்பரை அடுத்த கூட்டத்துக்கு அழைத்திருக்கிறேன். வருவாராம்; தகப்பனார் மாட்டியிருந்த அந்தப் பழைய படத்தையும் கொண்டு வரலாமோ என்று கேட்டிருக்கிறார்.