முளைக்காத விதைக்கும் வழக்குப் போடலாம்

காஞ்சிபுரத்துக்கு மேற்கே, பாலுச்செட்டி சத்திரத்தை ஒட்டியிருக்கும் திருப்புட்குழியில் மரகதவல்லித் தாயார் பிரசித்தம். பிள்ளை வரம் கேட்டு வரும் பெண்கள் வறுத்த பயறை நனைத்து மடியில் கட்டிக்கொண்டு படுப்பார்கள். விடிவதற்குள் முளைவிட்டிருந்தால் வேண்டுதல் பலிக்கும் என்பது நம்பிக்கை. அது தாயார் காரியம். அதே ஊரில் செல்போனில் ஆர்டர் போட்டு வாங்கும் ‘வீனஸ் ஃபிளைட்ராப்’ விதை முளைக்காமல் போனால், கேட்க வேண்டிய இடம் வேறு.

பூச்சி தின்னும் இந்தச் செடிக்கு வரும் விளம்பரங்களைப் பாருங்கள். நீலம், ஊதா, வானவில் என்று படம் போட்டிருப்பார்கள். அப்படி ஒரு ஃபிளைட்ராப் கிடையாது. இலை பச்சை, பொறியின் உட்புறம் சிவப்பு. சில ரகங்கள் முழுக்கக் கருஞ்சிவப்பு. அவ்வளவுதான். விதை கறுப்பாகப் பளபளக்கும், கடுகளவுகூட இருக்காது. நிஜ விதையே கைக்கு வந்தாலும் செடி முதிர மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் ஆகும். ‘கொசுவை ஒழிக்கும்’ என்பது இன்னொரு புளுகு. சொந்த மண்ணான அமெரிக்காவின் வட, தென் கரோலினா ஈரநிலங்களில் அது பெரும்பாலும் பிடிப்பது எறும்பையும் சிலந்தியையும்தான்.

நூறு, இருநூறு ரூபாய்தானே என்று நாம் விட்டுவிடுவதை நம்பித்தான் இந்த வியாபாரம் நடக்கிறது. 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் தெளிவானவை: விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால், விற்றவர் அதைத் திரும்ப எடுக்கவோ பணத்தைத் தரவோ மறுக்க முடியாது. ஆன்லைன் தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகச் சொல்ல வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நகரவில்லையா, 1915-ஐ அழையுங்கள். தேசிய நுகர்வோர் உதவி மையம், தமிழிலும் பேசலாம். அவர்கள் நிறுவனத்தோடு பேசிப் பார்ப்பார்கள், தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள். தீர்ப்பு வேண்டுமென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். விற்றவர் எந்த மாநிலத்தில் இருந்தாலும், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே மனுப் போடலாம். செலுத்திய தொகை ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. பணம் வாங்கிக்கொண்டு ஆளே மறைந்துவிட்டால் அது மோசடி, உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

விளம்பரத்தை ஆர்டர் போடும் அன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். நாளைக்கு அந்தப் பக்கம் இருக்காது. பார்சலைப் பிரிக்கும்போது வீடியோ எடுப்பதும் நல்லது.

வெளிநாட்டிலிருந்து நேராகத் தருவிக்கும் ஆசை சிலருக்கு. 2003-ஆம் ஆண்டின் தாவர நோய்த்தடுப்பு ஆணைப்படி விதைக்கும் செடிக்கும் இறக்குமதி அனுமதியும் நோயின்மைச் சான்றிதழும் வேண்டும். உயிர்ச்செடியென்றால், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் கட்டுப்பாடும் சேரும். அதன் இரண்டாம் பட்டியலில் ஃபிளைட்ராப் இருக்கிறது. திருட்டு அத்தனை மிஞ்சிப்போனதால், வட கரோலினாவில் 2014 டிசம்பரிலிருந்து காட்டில் இதைத் திருடுவது பெருங்குற்றம். கேட்காமலே விதைப் பொட்டலம் வந்தால் விதைக்காதீர்கள், குப்பையிலும் வீசாதீர்கள். வட்டார வேளாண்மை அலுவலகத்தில் ஒப்படையுங்கள். 2020 ஆகஸ்டில் மர்ம விதைப் பார்சல்கள் பற்றி மத்திய வேளாண் அமைச்சகமே மாநிலங்களை எச்சரித்தது.

விதையை விட்டு, உள்நாட்டு நர்சரியில் வளர்ந்த செடியாக வாங்குவதே மேல். ஆனால் செடி வந்த பிறகு பொறுப்பு நம்முடையது. பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும் போர்வெல் தண்ணீரை ஊற்றிக் கொன்றுவிட்டு விற்றவர்மேல் வழக்குப் போட முடியாது. சத்தில்லாத மண்ணில் வாழப் பழகிய செடி இது. தண்ணீரில் உள்ள உப்பும், உரமும், தோட்டத்துச் செம்மண்ணும், மண்புழு உரமும் இதற்கு விஷம். பீட் மாஸும் பெர்லைட்டும் கலந்து நடுங்கள். ஊற்றுவதற்கு மழைநீர், ஆர்.ஓ. தண்ணீர், ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் எதுவானாலும் சரி. ஐப்பசி, கார்த்திகை மழையை டிரம்மில் பிடித்து இறுக மூடி வைத்தால் பல மாதத்துக்கு வரும். நேர்வெயில் வேண்டும், சித்திரை, வைகாசி உச்சி வெயிலுக்கு மட்டும் நிழல் கொடுங்கள்.

தொட்டியைத் தண்ணீர்த் தட்டில் வைக்கச் சொல்வார்கள். சரிதான், ஆனால் தேங்கிய சுத்த நீரில்தான் டெங்கு கொசு முட்டையிடும். கொசுவை ஒழிக்கும் என்று வாங்கிய செடியே கொசு வளர்த்துவிடும். வாரம் இரண்டு முறை தட்டைக் கொட்டித் துடைத்து, புதுத் தண்ணீர் விடுங்கள். குழந்தைகள் விரலால் குத்தி விளையாடவும் விடாதீர்கள். ஒவ்வொரு பொறியும் சில முறை மூடியதும் கறுத்து உதிர்ந்துவிடும். கறித் துண்டு போட்டால் அழுகும்.

நர்சரிக்காரர் பெரும்பாலும் வாய் திறக்காத விஷயம் குளிர்காலம். இதற்கு மூன்று, நான்கு மாதம் பத்து டிகிரிக்குக் கீழே ஓய்வு தேவை. நம் மார்கழியில்கூட இருபதுக்குப் பக்கம்தான் இறங்கும். ஓய்வில்லாத செடி ஒன்றிரண்டு ஆண்டில் சோர்ந்துவிடும். ஊட்டி, கொடைக்கானலில் இந்தக் கவலை குறைவு. வேரைப் பீட் மாஸில் பொதிந்து ஃபிரிட்ஜில் வைப்பவர்களும் உண்டு. அதனால் பணம் கட்டும் முன், ‘குளிர் ஓய்வு இல்லாமல் எங்கள் ஊரில் எத்தனை நாள் தாங்கும்?’ என்று வாட்ஸ்அப்பில் எழுதிக் கேளுங்கள். ‘எந்த ஊரிலும் ஆண்டு முழுக்க வளரும்’ என்று பதில் வந்தால் அதை அழிக்காமல் வையுங்கள்.