கல்லும் சீட்டும்

அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களின் வறண்ட மேட்டு நிலங்களில் நடந்து செல்வோர், காலடியில் கிடக்கும் சில கற்களைக் கண்டு வியந்து நிற்பது உண்டு. ஒரு கல் ஆட்டுக்கடாவின் கொம்பைப்போலச் சுருண்டிருக்கும். மற்றொன்று துப்பாக்கிக் குண்டைப்போல நீண்டு, ஒரு முனையில் கூர்ந்திருக்கும். வேறொன்றில் சிப்பியின் வடிவும் வரிகளும் சிறிதும் மாறாமல் விளங்கும். மழை பெய்து மண் கரைந்த இடங்களில், விரல் நகத்தளவே உள்ள சுறாமீனின் பல் ஒன்று வெயிலில் மின்னும். கடற்கரையோ அங்கிருந்து நெடுந்தொலைவில் உள்ளது. கடல்வாழ் உயிர்களின் உடற்பகுதிகள் அந்த நிலத்தில் எவ்வாறு வந்தன? ஒரு காலத்தில் அந்நிலமே கடலடியாக இருந்தது என்பதே அதற்கு விடை.

ஏறத்தாழப் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன்பு கிழக்குக் கடல் உள்நாட்டிற்குள் புகுந்து அப்பகுதியை மூடியிருந்தது. அக்கடலில் வாழ்ந்து மடிந்த உயிர்களின் ஓடுகளும் பற்களும் சேற்றில் புதைந்தன. அவற்றின்மேல் மண் படிந்து படிந்து அழுத்த, சேறு பாறையாயிற்று. சில ஓடுகள் அப்படியே எஞ்சின. வேறு சில கரைந்துபோக, அவை இருந்த வெற்றிடத்தில் வேறு கனிமங்கள் நிறைந்து இறுகின. சிற்பி வார்க்கும் படிமத்தில் மெழுகு உருகி ஓடிய இடத்தை உலோகம் நிரப்புவதை ஒத்தது இது. இவ்வாறு பாறையில் எஞ்சிய உயிர்த் தடங்களையே புதைபடிவங்கள் என்பர். கொம்புபோலச் சுருண்டது அம்மோனைட்டு என்னும் உயிரின் ஓடு. குண்டுபோல நீண்டது பெலம்னைட்டு என்னும் உயிரின் உட்கூடு. இவ்விரண்டும் இன்றைய கணவாய்க்கு உறவினமாகும்.

இத்தகைய சிறு படிவங்களைச் சேர்த்து வீட்டில் காட்சியாக வைப்பது, மாணவர்க்கு இன்பமும் அறிவும் ஒருங்கே தரும் பொழுதுபோக்கு. ஆயினும் அதில் ஒரு பெரும்பிழை நேர்வதுண்டு. கல்லைப் பேணுவோர் பலர். அது கிடைத்த இடத்தைக் குறித்து வைப்போர் சிலரே. இடம் அறியப்படாத படிவம், முகவரி அழிந்த கடிதத்தைப் போன்றது. அழகு குறையாமல் இருப்பினும் அது சொல்ல வந்த செய்தியின் பெரும்பகுதி மறைந்துவிடுகிறது.

இவ்வுண்மையை விளக்கத் தமிழ்நாட்டு வரலாறே சான்று தருகிறது. 1840-ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில், சென்னை மாகாண அரசுப் பணியில் இருந்த கே, கன்லிப் என்னும் ஆங்கிலேயர் இருவர், புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளி ஆகிய பகுதிகளில் படிவங்களைத் திரட்டினர். கற்களை ஆராய்வது அவர்களுடைய தொழில் அன்று. ஆர்வமே அவர்களை அதில் ஈடுபடுத்தியது. எந்தக் கல் எந்தப் பகுதியில் கிடைத்தது என்பதைக் குறித்து, அவற்றை இலண்டனுக்கு அனுப்பினர். எட்வர்டு போர்ப்ஸ் என்னும் அறிஞர் அவற்றை ஆராய்ந்து, 1846-ஆம் ஆண்டில் விரிவான அறிக்கை வெளியிட்டார். புதியனவாகத் தோன்றிய அம்மோனைட்டுகளுக்கு இந்திரன், வருணன், சூரியன், பிரமன் முதலிய பெயர்களை அவர் சூட்டினார். ஒன்றிற்குச் சேகரித்தவராகிய கே என்பவரின் பெயரையே இட்டார்.

போர்ப்ஸ் பேரறிஞரே எனினும் ஒன்றில் தவறினார். புதுச்சேரிப் பகுதிப் படிவங்களின் காலத்தை, உண்மையினும் மிகப் பழமையானதாக அவர் கணித்தார். பின்வந்த ஆய்வாளர்கள் அதே நிலத்திற்கு மீண்டும் சென்று பாறை அடுக்குகளை நோக்கினர், படிவங்களை ஒப்பிட்டனர், அவர் கணிப்பைத் திருத்தினர். படிவங்கள் கிடைத்த இடம் குறிக்கப்பட்டிருந்தமையால் அன்றோ அது இயன்றது? அறிஞர் கருத்து மாறலாம்; உயிரின் பெயரும் மாறலாம்; கிடைத்த இடம் என்றும் மாறாது. சீட்டில் இடம் எழுதப்படாதிருந்தால், அப்பிழை நெடுங்காலம் பிழையாகவே நின்றிருக்கும்.

இடம் எழுதாமை ஒரு குற்றமெனின், பொய்யான இடத்தை எழுதுதல் அதனினும் கொடிது. இமயமலையில் கிடைத்தனவாகக் கூறி வெளியிடப்பட்ட படிவங்கள் பல, உண்மையில் வேற்று நாடுகளைச் சேர்ந்தவை என்பதை 1989-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய அறிஞர் ஒருவர் வெளிப்படுத்தினார். அவற்றை நம்பி எழுதப்பட்ட கட்டுரைகள் பலவும் ஐயத்திற்கு உள்ளாயின. ஆகவே நினைவில் உறுதியாக இல்லாத ஒன்றைச் சீட்டில் ஊகித்து எழுதலாகாது.

சீட்டு எழுதும் முறை எளிது. படிவத்தை எடுத்த அவ்விடத்திலேயே குறிப்பேட்டில் ஊர், அருகிலுள்ள ஓடை அல்லது சாலை, பாறையின் நிறமும் தன்மையும், நாள், எடுத்தவர் பெயர் ஆகியவற்றை எழுதிவிட வேண்டும். வீட்டிற்கு வந்தபின் எழுதலாம் என்று விட்டுவிட்டால், பையில் உள்ள பத்துக் கற்களும் ஒன்றுபோலத் தோன்றும். பின்னர் ஒவ்வொரு படிவத்திற்கும் ஓர் எண் தருதல் வேண்டும். கல்லின் மறைவான ஓரத்தில் பொட்டளவு வெள்ளை வண்ணம் தீட்டி, அது உலர்ந்தபின் கருமையால் அவ்வெண்ணை எழுதலாம். அதே எண் குறிப்பேட்டிலும் சீட்டிலும் இருக்கும். சீட்டும் கல்லும் பிரிந்துவிட்டாலும் எண் அவற்றை மீண்டும் சேர்த்து வைக்கும். எண் எழுத இடமில்லாத சிறு பல்லையோ ஓட்டையோ சிறு கண்ணாடிக் குப்பியில் இட்டு, குப்பியின்மேல் எண்ணை ஒட்டலாம்.

படிவத்தைத் தூய்மை செய்வதில் பொறுமை வேண்டும். மென்மையான தூரிகையும் சிறிது நீருமே பெரும்பாலும் போதும். நீர் பட்டால் உதிரும் கல்லை உலர்ந்த தூரிகையால் மட்டும் துடைக்க வேண்டும். பித்தளைப் பாத்திரத்தைத் துலக்குவதுபோலப் புளியோ எலுமிச்சையோ இட்டுத் தேய்த்தல் பெருந்தீங்கு. ஓடுகளில் பல சுண்ணப் பொருளால் ஆனவை. புளிப்புப் பட்டால் அவை கரையும். பத்துக் கோடி ஆண்டுகள் நிலைத்த வரிகள் பத்து நிமிடத்தில் அழிந்துபோகலாம்.

காட்சிக்கு வைத்தபின்னும் படிவங்களுக்குப் பகை உண்டு. புதிய மரத்தால் செய்து இறுக மூடிய பெட்டியில் புளிப்பான ஆவி தேங்கும். அது சுண்ண ஓடுகளை மெல்ல அரிக்கும். ஆதலின் கண்ணாடி மூடியிட்ட தகரப் பெட்டி நல்லது. இரும்பும் கந்தகமும் கலந்த பொன்னிறக் கனிமம் நிறைந்த படிவங்கள், ஈரக் காற்றில் வெடித்துப் பொடியாகும்; அவற்றை உலர்ந்த இடத்தில் வைத்தல் இன்றியமையாதது. நேர் வெயில் சீட்டின் மையை மங்கச் செய்யும்.

அழகுற அடுக்குவதற்கும் முறை உண்டு. பெட்டி முழுதும் நெருக்கி நிரப்பினால் எதுவும் கண்ணில் தங்காது. ஒவ்வொரு வகையிலும் தெளிவான ஒன்றிரண்டைத் தேர்ந்து, இடைவெளி விட்டு வைத்தல் வேண்டும். நிறத்தையும் பருமனையும் நோக்கி அடுக்காமல், ஓரிடத்தில் கிடைத்தவற்றை ஒருங்கே வைத்தால், அங்கு கூடி வாழ்ந்த உயிர்கள் இவை என்பது பார்ப்போர்க்குத் தோன்றும். வெளிறிய பல்லுக்குக் கருந்தாள் பின்னணி பொருந்தும். விளக்கொளி மேலிருந்து விழுவதைவிடப் பக்கத்திலிருந்து சாய்வாக விழுந்தால், ஓட்டின் வரிகள் நிழலோடு எழுந்து நிற்கும். கடுகினும் சிறிய ஓடுகளை ஈரத் தூரிகை முனையால் எடுத்து, கருந்தாளில் நீரில் கரையும் பசையால் ஒட்டி, அருகில் ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியை வைக்கலாம்.

எடுக்கத் தகாதவை எவை என்பதை அறிவதும் சேகரிப்போர் கடமை. பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் உள்ள 18 மீட்டர் நீளக் கல்மரமும், விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரைக் கல்மரங்களும் தேசியச் சின்னங்களாகக் காக்கப்படுகின்றன. அங்கு ஒரு சில்லும் எடுத்தலாகாது. சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் உரியவர் இசைவின்றிப் புகுதல் தவறு. உயிருக்கு இடரும் ஆகும். பாறையில் பதிந்த பெரிய எலும்பு எதையேனும் கண்டால் அதனைப் பெயர்க்காமல், அருங்காட்சியகத்தார்க்கோ புவியியல் ஆய்வுத்துறையினர்க்கோ அறிவிப்பதே முறை. அனுபவமற்ற கை பெயர்த்தால் எலும்பும் உடையும். அது கிடந்த நிலையும் அழியும்.

ஒரு வீட்டின் அலமாரியில் உள்ள சிறு பெட்டியில், காரை என்னும் ஊரருகே எடுத்த ஒரு சுறாப்பல் இருக்கிறது என்று கொள்வோம். சீட்டு இல்லையெனின், அதனைத் திரட்டியவர் மறந்த அன்றே அது வெறும் கல்லாகிவிடும். ஊரும் நாளும் எழுதிய சீட்டு உடனிருப்பின், ஐம்பது ஆண்டுகள் சென்றபின் அப்பெட்டியைத் திறக்கும் அறியாத ஒருவரும், அந்த ஓடைக்கரைக்குச் சென்று நின்று, அங்கிருந்த கடலை எண்ணிப் பார்க்க இயலும். கல்லைக் காலம் செய்தது. சீட்டை எழுதுவது மனிதன் கையில் உள்ளது.