ஒரு நானோமீட்டர் மசகு

நவி மும்பையில் தாணே–பேலாப்பூர் சாலையை ஒட்டிய ஐரோலி, ரபாளே, மஹாபே பகுதிகள் ரசாயன ஆலைகளுக்குப் பெயர்பெற்றவையாக இருந்து, இன்று நாட்டின் தரவு மையங்கள் மிகுதியாகச் செறிந்துள்ள வட்டாரங்களுள் ஒன்றாக மாறியுள்ளன. வங்கிக் கணக்குகளும் அரசு ஆவணங்களும் புகைப்படங்களும் அங்கே சேமிக்கப்படுகின்றன. பெருமளவுத் தரவை நீண்டகாலம் வைத்திருக்க, விலை குறைவு என்பதால், சுழலும் ஹார்ட் டிஸ்க்குகளே இன்னும் பெரிதும் நம்பப்படுகின்றன. அவற்றின் ஆயுளைத் தீர்மானிப்பவற்றுள் ஒன்று, கண்ணுக்கே புலப்படாத ஒரு மசகுப் படலம்.

மூன்றரை அங்குல ஹார்ட் டிஸ்க்கின் தட்டு நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும்போது அதன் விளிம்பு மணிக்கு 120 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் விரைகிறது. தரவைப் படிக்கும் முனை அதன்மீது ஓரிரு நானோமீட்டர் இடைவெளியில் மிதக்கிறது. ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. முனை விலக விலகக் காந்தக் குறிப்பு விரைவாக மங்கிவிடுவதால், தரவை நெருக்கமாக எழுத வேண்டுமெனில் முனையும் காந்தப்படலத்தை நெருங்கியாக வேண்டும். காந்தப்படலத்தைக் காக்கும் வைரநிகர் கார்பன் பூச்சு இரண்டு, மூன்று நானோமீட்டரை எடுத்துக்கொள்கிறது. அதன்மேல் இடப்படும் மசகுக்கு எஞ்சுவது ஏறத்தாழ ஒரு நானோமீட்டர்தான், அதாவது ஒரே அடுக்கு மூலக்கூறுகளின் தடிமன்.

அந்த ஓரடுக்கிடம் ஒன்றுக்கொன்று முரணான இரண்டு குணங்கள் எதிர்பார்க்கப்படுகின்றன. சுழற்சியில் சிதறாமல் அது தட்டைப் பற்றிக்கொள்ள வேண்டும். முனை உரசிய இடத்தில் வெறுமை ஏற்பட்டால் சுற்றிலுமிருந்து ஊர்ந்து வந்து அதை நிரப்பவும் வேண்டும். பெர்ஃப்ளூரோபாலிஈதர் என்னும் ஃபுளோரின் மிகுந்த நீள்சங்கிலிச் சேர்மம் பல பத்தாண்டுகளாக இப்பணியைச் செய்துவருகிறது. அதன் முனைகளிலுள்ள ஹைட்ராக்சில் தொகுதிகள் கார்பனைப் பற்ற, நடுச்சங்கிலி நெகிழ்ந்து கிடக்கிறது. சேர்மத்தை நீர்க்கக் கரைத்த தொட்டியில் தட்டுகளை அமிழ்த்திச் சீரான வேகத்தில் மேலே இழுக்கிறார்கள். கரைசலின் செறிவும் இழுக்கும் வேகமுமே படலத்தின் தடிமனை முடிவுசெய்கின்றன.

வெப்பத்தின் துணையுடன் எழுதும் புதிய முறையில்தான் சிக்கல் எழுகிறது. சீகேட் நிறுவனம் 2024 ஜனவரியில் 30 டெராபைட்டுக்கு மேற்பட்ட கொள்ளளவோடு அறிவித்த ஹார்ட் டிஸ்க்குகளில், லேசர் ஒரு நுண்புள்ளியை நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கு நேரத்துக்கு 400 டிகிரி செல்சியஸையும் தாண்டச் சூடாக்க, முனை அதே கணத்தில் அங்கு எழுதுகிறது. இச்சூட்டில் மசகு ஆவியாகவோ சிதையவோ கூடும் என்பதால் மாற்றுகளைத் தேடும் ஆய்வாளர்களின் கவனம் அயனித் திரவங்கள்மீது திரும்பியது.

அயனித் திரவங்கள் என்பவை தாழ்ந்த வெப்பநிலையிலேயே திரவமாக இருக்கும் உப்புகள். சமையல் உப்பு உருக 801 டிகிரி வெப்பம் தேவை. ஆனால் பால் வால்டன் 1914-இல் விவரித்த எத்தில் அம்மோனியம் நைட்ரேட் என்ற உப்பு 12 டிகிரியிலேயே திரவமாகிறது. அயனிகள் பெரியவையாகவும் சமச்சீரற்றவையாகவும் இருந்தால் படிகமாக ஒழுங்குற அடுக்கமைவது கடினமாகிறது; ஆயினும் மின்னீர்ப்பு அவற்றைப் பிணைத்தே வைப்பதால் அத்திரவங்கள் எளிதில் ஆவியாவதில்லை. நேரயனியையும் எதிரயனியையும் தனித்தனியே தேர்ந்து இணைக்க முடிவது வேதியியலாளருக்குக் கிடைத்த பெரும் வாய்ப்பு. சீனாவின் லான்ஜோ ஆய்வாளர்கள் 2001-இல் இவற்றை மசகாகப் பயன்படுத்திக் காட்டினர்.

ராஜஸ்தானின் பிலானியில் பொறியியல் பயின்று, ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றி, பின்னர் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரான பாரத் பூஷண் குழுவினர், சிலிக்கான் பரப்பில் நானோமீட்டர் அளவிலான அயனித் திரவப் படலங்களை ஆராய்ந்தனர். படலம் முழுவதும் ஒட்டிக்கொள்வதைவிட, ஒரு பகுதி ஒட்டியும் மறுபகுதி நகரக்கூடியதாகவும் இருப்பதே உராய்வையும் தேய்மானத்தையும் குறைக்க ஏற்றது என்பது அவர்களது சோதனைகளில் வெளிப்பட்டது. ஹார்ட் டிஸ்க்குகளுக்கான அயனித் திரவங்களைப் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்திலும் ஆராய்ந்துள்ளனர். குறையும் உண்டு: பரவலாகச் சோதிக்கப்பட்ட சில ஃபுளோரின் எதிரயனிகள் ஈரப்பதம் பட்டால் சிதைந்து, உலோகத்தை அரிக்கும் ஹைட்ரஜன் ஃபுளோரைடை வெளியிடுகின்றன. மழைக்காலத்தில் காற்றே ஈரமாகிவிடும், ஐரோலி அமைந்துள்ள கொங்கண் கரையில் இதை அலட்சியப்படுத்த இயலாது.

இத்திரவங்கள் இந்தியாவுக்குப் புதியவையல்ல. 1933-இல் தொடங்கப்பட்டு மும்பையின் மாதுங்காவில் இயங்கும் வேதித் தொழில்நுட்ப நிறுவனத்தில் அவை வினையூக்கத்துக்காகவும், கல்பாக்கத்தின் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் அணு எரிபொருள் மறுசுத்திகரிப்புக்காகவும், டேராடூனின் இந்திய பெட்ரோலிய நிறுவனத்தில் எண்ணெயில் சேர்க்கும் மசகுப் பொருளாகவும் ஆராயப்பட்டுள்ளன. தட்டுகளைத் தயாரிக்கும் ஆலைகளோ சிங்கப்பூர், மலேசியா போன்ற நாடுகளில் இருக்கின்றன. மாதுங்காவின் வேதியியலும் ஐரோலியின் தேவையும் ஒரே பெருநகரப் பரப்பில் இருந்தும் இணையாமல் நிற்பதற்கு அந்தத் தொலைவே முதன்மைக் காரணமெனலாம். ஏனெனில் ஓரடுக்குப் படலத்தைச் சோதிக்க, உண்மையான தட்டும் முனையும் ஆய்வாளரின் கைக்கு எட்ட வேண்டும். அயனித் திரவம் ஆய்வுக்கூடத்தைக் கடக்க வேண்டுமெனில், லேசர் சூடாக்கிய அதே புள்ளிக்கு அது ஒவ்வொரு முறையும் திரும்பி வந்து மூடுகிறதா என்பதும், பல்லாண்டுப் பயன்பாட்டில் கார்பன் பூச்சை அரிக்காமல் இருக்கிறதா என்பதும் அத்தகைய தட்டுகளிலேயே நிறுவப்பட வேண்டும்.