குட்டை ஸ்பிரிங், தாழ்ந்த கார்

காரின் உயரத்தைக் குறைக்க, கம்பெனி ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு நீளம் குறைந்த, விறைப்பு கூடிய ஸ்பிரிங்கை மாட்டுகிறார்கள். வண்டி 30 மில்லிமீட்டர் போல இறங்கும். வளைவில் சாய்வதும் குறையும். இருங்காட்டுக்கோட்டை பந்தயத்தடத்தில் அது லாபம். ரமணாசிரமம் இருக்கும் செங்கம் சாலை போன்ற பொதுச்சாலையில் ஓட்டுவதற்கு அல்ல. இந்தியச் சாலைக் காங்கிரஸின் அளவுப்படி கட்டிய வேகத்தடையே 10 சென்டிமீட்டர் உயரம். ஆளும் லக்கேஜும் ஏறிய தாழ்ந்த கார் அதில் அடிதட்டும்.

பழைய ஷாக் அப்சார்பரையே விட்டுவைத்தால், அதன் தண்டு ஓட இடமில்லாமல் ரப்பர் தடுப்பில் இடித்து இடித்து, நாளடைவில் ஆயில் கசியும். சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாய்ந்து டயரின் உள்விளிம்பு தேயும், அலைன்மென்ட் கட்டாயம். இருக்கிற ஸ்பிரிங்கையே அறுத்துக் குட்டையாக்குவதுதான் மிக ஆபத்து: குழியில் சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் தாங்கியிலிருந்து நழுவக்கூடும்.