5,000 ரூபாய் வேட்பாளரும் பலகைக்கு வராத கணக்கும்

மாணவர் பேரவைத் தேர்தலில் நிற்பவர் செலவழிக்கலாம் என்று அனுமதிக்கப்பட்ட உச்சத்தொகை 5,000 ரூபாய். முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் ஜே.எம். லிங்டோ தலைமையிலான குழு சொன்ன வரம்பு இது. 2006 செப்டம்பர் 22 அன்று உச்ச நீதிமன்றம் அந்தப் பரிந்துரைகளை நடைமுறைப்படுத்த உத்தரவிட்டது. அப்போது தமிழ்நாட்டில் சட்டமன்ற வேட்பாளருக்கான வரம்பு 10 லட்சம். 2022-இல் அது 40 லட்சமாகிவிட்டது. மாணவருக்கு மட்டும் அதே 5,000.

தலைக்கு எவ்வளவு என்று பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். செங்கல்பட்டு மாவட்டத்திலுள்ள சோழிங்கநல்லூர் தொகுதியில் 2021 தேர்தலின்போது வாக்காளர்கள் 6 லட்சத்துக்கு மேல். அன்றைய வரம்பு 30.8 லட்சம். ஒரு வாக்காளருக்கு ஏறக்குறைய 5 ரூபாய். 1,000 பேர் படிக்கும் கல்லூரியிலும் அதே 5 ரூபாய்தான் வரும். ஆனால் 25,000 பேர் படிக்கும் வளாகத்தில் அது 20 பைசா. பெரிய வளாகத்துக்கும் சிறிய கல்லூரிக்கும் ஒரே தொகை வைத்தது தவறு என்பதே என் கருத்து.

அச்சடித்த சுவரொட்டிக்கும் தடை. கையால் எழுதியது மட்டும், அதுவும் குறித்த இடத்தில் மட்டும். சார்ட் அட்டை, ஸ்கெட்ச் பேனா, பசை, கொஞ்சம் ஜெராக்ஸ். நேர்மையாகச் செய்தால் சிறிய கல்லூரியில் இது போதும். கட்சிப் பணம் கூடாது, மாணவர்கள் மனமுவந்து தருவதை மட்டும் வாங்கலாம். வேட்புமனு முதல் முடிவு வரை 10 நாளுக்குள் முடிய வேண்டும்.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறொரு விதி. முடிவு வந்த இரண்டு வாரத்துக்குள் வேட்பாளர் தணிக்கை செய்த கணக்கைத் தர வேண்டும். அடுத்த 2 நாளில் கல்லூரி அதை எந்த மாணவரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும். 5,000 ரூபாய்க்கு இவ்வளவு கண்டிப்பு! ஆனால் வென்றவர் மேற்பார்வை பார்க்க வேண்டிய கல்லூரி மாணவர் மன்றங்களின் பணத்துக்கு இந்த விதி பொருந்துவதில்லை. தமிழ்நாட்டின் பல கல்லூரிகளில் தேர்தலே நடப்பதில்லை; பிரதிநிதிகளைத் துறையே நியமித்துவிடுகிறது. கேட்க ஆளில்லாமல் போவது அங்கேதான்.

நாட்டு நலப்பணித் திட்டத்தையே எடுத்துக்கொள்வோம். 1969-இல் 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கியது. 100 பேர் கொண்ட ஓர் அலகுக்கு நெடுங்காலம் நடைமுறையில் இருந்த விகிதம் இது: வழக்கமான பணிக்குத் தலைக்கு ஆண்டுக்கு 250 ரூபாய், அதாவது 25,000. ஏழு நாள் சிறப்பு முகாமுக்கு, பாதிப் பேர் போவார்கள் என்ற கணக்கில், தலைக்கு 450 வீதம் 22,500. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 64 ரூபாய். சதுரங்கப்பட்டினம் பக்கம் ஒரு ஊராட்சிப் பள்ளியில் ஐம்பது பிள்ளைகள் தங்குகிறார்கள் என்று வையுங்கள். காலையில் உப்புமா, மதியம் சாதம் சாம்பார், மாலையில் டீ, இரவுச் சாப்பாடு, போக வர பஸ், ஒரு பேனர், மண்வெட்டி வாடகை. எல்லாம் அந்த 64-க்குள். பற்றாக்குறையை யார் ஈடுகட்டினார்கள், மாணவர் கையிலிருந்து போனது எவ்வளவு? முகாமுக்குப் போன பிள்ளைக்கே இது தெரிய வேண்டும்.

சேர்க்கையின்போது கட்டும் சிறப்புக் கட்டணத்தில் விளையாட்டு, நூலகம், செஞ்சிலுவை என்று தனித்தனித் தலைப்புகள் இருக்கின்றன. ரசீதில் வசூல் தெரிகிறது. செலவு தெரிவதில்லை.

செங்கல்பட்டு இராஜேஸ்வரி வேதாசலம் அரசு கலைக் கல்லூரி, 1965-இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரி, 1957 முதல் இயங்கும் மாமல்லபுரம் அரசு சிற்பக் கல்லூரி ஆகிய மூன்றும் அரசு நிறுவனங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் இவற்றுக்குப் பொருந்தும். அங்கே படிக்கும் தம்பி தங்கைகளே, பேரவைக்கு நிற்பதாக இருந்தால் முதல் வாக்குறுதியாக இதைச் சொல்லுங்கள்: ஒவ்வொரு மன்றத்தின் வரவு செலவும் பருவத்துக்கு ஒருமுறை அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். தேர்தலே இல்லாத கல்லூரி என்றால் விண்ணப்பம் எழுதுங்கள். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்குக் கெடு 30 நாள்.