ஒரே வீட்டுக்குள் ஏழு நாடு! செட்டிநாட்டுக் கலவை ரகசியம் தெரியுமா?

சோபா ஒரு நாட்டு ஸ்டைல், விளக்கு இன்னொரு நாட்டு ஸ்டைல், தரை மட்டும் நம்மூர் என்று கலந்துகட்டி வீட்டை அலங்கரிப்பதுதான் இப்போது ஃபேஷனாம். இன்டீரியர் டிசைனர்கள் சொல்கிறார்கள். புதுசா? செட்டிநாட்டு ஊர்களான காரைக்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கம் ஒரு நடை போய்ப் பாருங்கள். நூறு வருடத்துக்கு முன்பே அந்த ஊர்களின் வணிகர்களான நகரத்தார் இதில் கரைகண்டுவிட்டார்கள்!

தூண் பர்மாவிலிருந்து, தொங்கும் விளக்கு பெல்ஜியத்திலிருந்து!

வட்டித் தொழிலுக்காக பர்மா, இலங்கை, மலேயா, சைகோன் என்று கடல் தாண்டிப் போனவர்கள் நகரத்தார். சம்பாத்தியத்தோடு சரக்கும் கப்பலேறியது. தூணுக்கும் கதவுக்கும் பர்மாத் தேக்கு. இலங்கையிலிருந்து முதிரை மரம். தரைக்கு இத்தாலிப் பளிங்கு. கூடத்தில் தொங்கவிட பெல்ஜியம், பிரான்ஸ், இத்தாலி நாட்டுச் சரவிளக்குகள். கூரையின் அடியில் பதிக்க இங்கிலாந்தின் பூ வேலைப்பாடு கொண்ட உலோகத் தகடுகள். இந்த வறண்ட பூமியில் இத்தனையும் வந்து இறங்கியிருக்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

ஜப்பான் சூளையில் வெந்து வந்த கிருஷ்ணர்!

சில வீடுகளின் சுவரைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். பச்சையும் மஞ்சளும் ரோஸுமாகப் பளபளக்கும் ஓடுகள் வரிசையாகப் பதித்திருக்கும். விரலால் தடவினால் பூவிதழ் மேடாகத் தட்டுப்படும். பள்ளத்தில் வண்ணம் அடர்ந்து தேங்கியிருக்கும், மேட்டில் மெலிந்திருக்கும். இவை மஜோலிகா வகை ஓடுகள். பெரும்பாலும் ஜப்பானில் செய்தவை! இதில் உச்சக்கட்ட ஆச்சரியம் என்ன தெரியுமா? இந்திய வாடிக்கையாளர்களுக்காக ஜப்பானியக் கம்பெனிகள் நம் சாமிகளின் உருவத்தையே ஓட்டில் வார்த்து அனுப்பின. ஐரோப்பியத் தொழில்நுட்பம், ஜப்பானியக் கைவேலை, இந்தியக் கடவுள், தமிழ்நாட்டுச் சுவர். அரை அடி ஓட்டுக்குள் இத்தனை தேசம்!

சுடாமலே பளபளக்கும் தரை!

வெளிநாட்டு ஓட்டைப் பார்த்துவிட்டு உள்ளூர் சும்மா இருக்குமா? ஆத்தங்குடி கிராமம் கிளம்பியது. ஐரோப்பாவில் சிமென்ட் ஓடு செய்ய ஹைட்ராலிக் பிரஸ் வைத்து அழுத்துவார்கள். ஆத்தங்குடிக்காரர்களுக்கு ஒரு கண்ணாடித் துண்டு போதும். கண்ணாடியின் மேல் உலோகச் சட்டம். சட்டத்துக்குள் டிசைன் அச்சு. அச்சின் ஒவ்வொரு அறைக்கும் ஒரு வண்ணச் சிமென்ட் குழம்பு. அச்சைத் தூக்கிவிட்டு, மேலே மணலும் சிமென்டும் போட்டு மட்டம் தட்டுவார்கள். காய்ந்தபின் தண்ணீர்த் தொட்டியில் ஊறப் போட்டு எடுத்தால் கண்ணாடி தனியாகக் கழன்று வந்துவிடும். கண்ணாடியின் வழவழப்பு ஓட்டோடு தங்கிவிடும்! சூளையும் கிடையாது, நெருப்பும் கிடையாது. கால் படப் பட இதற்கு மெருகு இன்னும் ஏறும்.

சுவரில் முட்டை வெள்ளைக்கரு!

இத்தாலிப் பளிங்குக்குப் பக்கத்திலேயே நிற்கும் சுவரையும் தொட்டுப் பாருங்கள். அதுவும் பளிங்கு மாதிரியே சில்லென்று இருக்கும். ஆனால் அது சுண்ணாம்பு! கடுக்காய், கருப்பட்டி எல்லாம் சேர்த்துப் பக்குவப்படுத்திய சாந்தைப் பல பூச்சாகப் பூசி, கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு கலந்து, கல்லால் தேய்த்துத் தேய்த்து ஏற்றிய மெருகு. வெயில் கொளுத்தும் சிவகங்கைச் சீமையில் ஏசி இல்லாத காலத்து உபாயம்.

கஜலட்சுமியும் வெள்ளைக்காரச் சிப்பாயும் ஒரே மாடியில்!

முகப்பின் உச்சியை அண்ணாந்து பாருங்கள். நடுவில் யானைகள் நீர் வார்க்க கஜலட்சுமி. அதே வரிசையில் தொப்பியும் துப்பாக்கியுமாக வெள்ளைக்காரச் சிப்பாய்ச் சுதைகள்! 1930, 40-களில் கட்டிய வீடுகளிலோ ஆர்ட் டெகோ வந்து சேர்ந்துவிட்டது. வளைந்த பால்கனி, நேர்கோட்டு அலங்காரம் என்று பம்பாய் ஸ்டைல் முகப்பு. அந்த முகப்பைத் தாண்டி உள்ளே போனால் முற்றம் வைத்த அதே பழைய வளவு!

இத்தனை நாடும் சண்டை போடாதது எப்படி?

இங்கேதான் இருக்கிறது ரகசியம். முகப்பு மாறும், விளக்கு மாறும், தூணின் மரம் மாறும். வீட்டின் அமைப்பு மட்டும் மாறவே மாறாது. திண்ணை, முகப்பு, வானம் பார்த்த வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று ஒரே நேர்கோடு. தலைவாசலில் நின்றால் அடுத்த தெருவில் திறக்கும் பின்வாசல் தெரியும்! அவியலில் எத்தனை காய் விழுந்தாலும் தேங்காயும் தயிரும் சேர்த்துப் பிடிக்கிறதே, அந்த வேலையை இங்கே அந்த நேர்கோடு செய்கிறது.

இன்னொரு சூட்சுமமும் உண்டு. சீமைச் சரக்கில் பெரும்பகுதி, விருந்தாளியும் வியாபாரமும் வந்து போகும் முன்பக்கத்திலேயே நின்றுவிடும். சடங்குகள் நடக்கும் வளவுக்கு வந்தால் தேக்குத் தூணும் முற்றமும். அதைச் சுற்றிக் கல்யாணமான பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு அறை. பின்கட்டுக்குப் போகப் போக ஆடம்பரம் குறைந்து, அம்மியும் உரலும் குதிரும் வந்துவிடும். ஆக, எதை எங்கே வைப்பது என்பதை முடிவு செய்தது பொருளின் விலை அல்ல, அந்த இடத்துக்கு யார் வருகிறார்கள் என்பதுதான்!

சீரில் வந்த ஸ்வீடன்!

மகளுக்குக் கொடுத்த சீரில் பித்தளை, எவர்சில்வரோடு அடுக்கடுக்காக எனாமல் பாத்திரங்களும் இருந்தன. ஸ்வீடனிலும் ஜப்பானிலும் செய்தவை! இன்று காரைக்குடி பழம்பொருள் கடைகளில் இதைத் தேடிப் பிடிக்க வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள்.

வீட்டுத் தூணே ஊர்விட்டு ஊர் போன கதை!

1942-இல் ஜப்பான் ராணுவம் பர்மாவைப் பிடித்தது. அங்கே போட்ட முதல் போனது. செட்டிநாட்டில் பிரம்மாண்ட வீடு கட்டும் காலமும் முடிவுக்கு வந்தது. பிறகு பராமரிக்க முடியாத வீடுகள் பிரிக்கப்பட்டு, தூணும் கதவும் நிலையும் விலைக்கு வந்தன. அவை போய்ச் சேர்ந்த இடங்களில் ஒன்று எது தெரியுமா? இலங்கையின் புகழ்பெற்ற கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் கொழும்பு வீடு! ஒரு சந்தில் இருந்த நான்கு சிறு வீடுகளை 1958-இல் தொடங்கி ஒவ்வொன்றாக வாங்கி ஒரே வீடாகப் பின்னியவர் அவர். வெள்ளை வெளேர் நவீனச் சுவர்களுக்கு நடுவே செட்டிநாட்டுத் தூண்களை நிறுத்திவிட்டார். அங்கேயும் அதே சூத்திரம்தான்: சுவரும் தரையும் வெள்ளை; அதன் மேல் எந்த நாட்டுப் பொருளும் எடுபடும். ஒரு முழு வீட்டையே பார்க்க வேண்டுமா? 1996-இல் முட்டுக்காட்டில் திறந்த தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் செட்டிநாட்டு வீடொன்றைப் பெயர்த்தெடுத்து மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். 2014 முதல் செட்டிநாட்டு ஊர்கள் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலிலும் இருக்கின்றன.

இரண்டு பெட்ரூம் ஃப்ளாட்டுக்கு இது ஒத்துவருமா?

தாராளமாக! முதலில் மாறாத ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்: வீடு முழுக்க ஒரே தரை, அல்லது ஒரே சுவர் நிறம். கண்ணைப் பறிக்கும் பொருளை ஹாலில் வையுங்கள். படுக்கையறையும் அடுப்படியும் எளிமையாக இருக்கட்டும். ஆத்தங்குடி ஓடு ஆசையா? வீடு முழுக்கப் போட்டுத் திணற வேண்டாம், பூஜை அறையிலோ பால்கனியிலோ பத்துச் சதுர அடி போதும். தாத்தா வீட்டுத் தேக்குப் பெட்டி பரணில் கிடந்தால் இறக்கி, ஸ்டீல் கால் வைத்த சோபாவுக்கு முன்னால் டீப்பாயாகப் போடுங்கள். பொருந்துமா என்ற சந்தேகமே வேண்டாம். ஜப்பான் கிருஷ்ணரும் பெல்ஜியம் விளக்கும் பொருந்தியபோது இது பொருந்தாதா என்ன!