ஊரை விட்டு நீங்காமல் உயர்கல்வி: குடும்ப மருத்துவமும் இணையவழிப் பட்டமும்

எமது நாட்டில் எந்த நோய்க்கு எந்த வைத்தியரை நாடுவது என்பதை நோயாளியே தீர்மானித்துக்கொள்கின்றார். நெஞ்சு படபடத்தால் இருதய நோய் நிபுணர், முழங்கால் வலித்தால் எலும்பு முறிவு நிபுணர், தலை சுற்றினால் நரம்பியல் நிபுணர் என்று அவரே ஒரு முடிவுக்கு வந்து, மாலை வேளையில் தனியார் வைத்தியசாலையொன்றில் இலக்கம் எடுத்துக் காத்திருக்கின்றார். மூன்று நிபுணர்களிடம் பெற்ற மூன்று மருந்துத் துண்டுகளும், அரசாங்க வைத்தியசாலையின் கிளினிக் கொப்பியும் ஒரே பொலித்தீன் பைக்குள் கிடக்கின்றன. அவற்றையெல்லாம் ஒருசேர எடுத்துப் பார்த்து, ஒன்றுக்கொன்று பொருந்தாத மருந்துகள் எவை, இருமுறை எழுதப்பட்ட மருந்து எது என்று சொல்வதற்கு ஒரு வைத்தியர் அவருக்கு இல்லை.

இந்த இடைவெளியை நிரப்பும் துறைதான் குடும்ப மருத்துவம். உடலின் ஓர் உறுப்பையோ, ஒரு நோயையோ, ஒரு வயதினரையோ மாத்திரம் தனதாக்கிக் கொள்ளாமல், மனிதனை முழுமையாக, அவனது குடும்பத்துடனும் தொழிலுடனும் சேர்த்து நோக்குவது அதன் அடிப்படை. குழந்தையின் காய்ச்சல் முதல் முதியவரின் மறதி வரை எதனுடனும் நோயாளி முதலில் வந்து சேரும் இடமாக அது விளங்குகின்றது. மூன்று தலைமுறையின் உடல்வாகை அறிந்து வைத்திருந்த எமது ஊர்ப் பரியாரியாரை நினைவில் வைத்திருப்போருக்கு இக்கருத்து புதிதன்று. ஆயினும் இன்று அது முறையான பாடத்திட்டமும் பரீட்சையும் ஆராய்ச்சியும் கொண்ட தனித்துறையாக வளர்ந்துள்ளது.

1963 ஆம் ஆண்டு ஸ்கொட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகம் பொது மருத்துவத்துக்கென உலகின் முதலாவது பேராசிரியர் பதவியை உருவாக்கியது. 1968 ஆம் ஆண்டு கனடாவின் வெஸ்டேர்ன் ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் அந்நாட்டின் முதலாவது குடும்ப மருத்துவப் பேராசிரியராக இயன் மெக்வின்னி பொறுப்பேற்றார். 1972 இல் குடும்ப வைத்தியர்களின் உலக அமைப்பான வொங்கா தோற்றம் பெற்றது. இலங்கையும் பின்தங்கி நிற்கவில்லை. பொது மருத்துவர்களுக்கான கல்லூரி 1974 இலேயே இங்கு அமைக்கப்பட்டது. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்கும் பட்டப்பின் மருத்துவ நிறுவகம் குடும்ப மருத்துவத்தில் டிப்ளோமாவையும் எம்.டி. பட்டத்தையும் வழங்குகின்றது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் சமுதாய, குடும்ப மருத்துவத்துக்கெனத் துறையொன்று உண்டு.

ஒரே வைத்தியரைத் தொடர்ந்து நாடுவதனால் பயன் உண்டா என்ற கேள்விக்கு ஆய்வுகள் விடை தந்துள்ளன. 9 நாடுகளில் மேற்கொள்ளப்பட்ட 22 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்து 2018 இல் பிரிட்டனில் வெளியிடப்பட்ட கட்டுரையொன்று, அவற்றுள் 18 ஆய்வுகளில் வைத்தியருடனான தொடர்ச்சிக்கும் குறைவான மரண வீதத்துக்கும் தொடர்பிருப்பதாகக் கண்டறிந்தது. நோயாளியை அறிந்திருப்பது வெறும் பண்பு மாத்திரமன்று, அது சிகிச்சையின் ஒரு பகுதி என்பதையே இது உணர்த்துகின்றது.

எம்.பி.பி.எஸ். பட்டம் பெற்று உள்ளகப் பயிற்சியை முடித்த எவரும் இதனைச் செய்யலாமே, தனியாகப் படிக்க என்ன இருக்கின்றது என்று சிலர் வினவலாம். மருத்துவ பீட மாணவர் பெரும்பாலும் போதனா வைத்தியசாலையின் விடுதிகளிலேயே கற்கின்றார். அங்கு வருபவர்கள் நோய் முற்றிய நிலையில், பலரால் வடிகட்டி அனுப்பப்பட்டவர்கள். கிராமத்து வைத்தியரின் மேசைக்கு முன்னால் வந்து அமர்பவரோ பெயரிடப்படாத நோயுடன் வருகின்றார். "உடம்பெல்லாம் எரியுது" என்று சொல்லும் தாயொருவருக்கு விற்றமின் குறைபாடும் இருக்கலாம், நீரிழிவினால் வந்த நரம்புப் பாதிப்பும் இருக்கலாம், காணாமற்போன மகனை நினைந்து ஆண்டுக்கணக்கில் சுமக்கும் துயரமும் இருக்கலாம். ஐந்தே நிமிடத்தில் இவற்றைப் பிரித்தறிவதற்குத் தனிப் பயிற்சி அவசியமாகும்.

றமழான் மாதத்தை எடுத்துக்கொள்வோம். நீரிழிவுள்ள முஸ்லிம் ஒருவர் நோன்பு நோற்கத் தீர்மானித்துவிட்டால், அவரது மருந்து ஒழுங்கை முன்கூட்டியே மாற்றியமைக்க வேண்டும். ஸஹருடன் எடுக்கும் அளவைக் குறைப்பதா, நோன்பு திறந்த பின்னர் எதனை எடுப்பது, குருதியில் சீனியின் அளவு எவ்வளவுக்குக் குறைந்தால் நோன்பை விட்டுவிட வேண்டும், யாருக்கு நோன்பே ஆபத்தானது என்பன ஒவ்வொருவருக்கும் வேறுபடுகின்றன. கந்தசஷ்டி விரதம் அனுஷ்டிக்கும் இந்து நோயாளிக்கும் இத்தகைய ஆலோசனை தேவைப்படுகின்றது. "விரதம் இருக்க வேண்டாம்" என்று அதட்டி அனுப்பினால், நோயாளி வைத்தியருக்குச் சொல்லாமலே விரதமிருப்பார். அவரோடு பேசி இணக்கம் காண்பதும் கற்றுக்கொள்ள வேண்டிய ஒரு கலையே.

இங்கேதான் சிக்கல் எழுகின்றது. இக்கல்வி எவருக்கு மிகவும் தேவையோ, அவர் அதனைப் பெறுவதே கடினமாக உள்ளது. முல்லைத்தீவிலோ மூதூரிலோ பொத்துவிலிலோ தனியொருவராகப் பிரதேச வைத்தியசாலையைப் பார்த்துக்கொள்ளும் வைத்தியர் கொழும்பு சென்று தங்கிப் படிப்பதானால், அவரது நோயாளிகளை எவர் பார்ப்பது? இளம் பிள்ளைகளைக் கொண்ட பெண் வைத்தியர்கள் இதனாலேயே பட்டப்பின் கல்வியைக் கைவிடுவதுண்டு. சிகிச்சைத் தேவை அதிகமுள்ள இடத்தில் நல்ல மருத்துவம் குறைவாகவே கிடைக்கும் என்ற நிலையை, வேல்ஸின் நிலக்கரிச் சுரங்கக் கிராமமொன்றில் பணியாற்றிய ஜூலியன் ரியூடர் ஹார்ட் என்ற குடும்ப வைத்தியர் 1971 இல் 'தலைகீழ்ப் பராமரிப்பு விதி' எனப் பெயரிட்டார். எமது வன்னிக்கும் மலையகத் தோட்டங்களுக்கும் அவ்விதி அப்படியே பொருந்துகின்றது.

பகுதிநேர இணையவழிப் பட்டப்பின் கற்கைகள் இந்த இடத்திலேயே முக்கியத்துவம் பெறுகின்றன. எடின்பரோ பல்கலைக்கழகம் குடும்ப மருத்துவ முதுமாணிக் கற்கையை இவ்வழியில் அறிமுகப்படுத்தியது. தமிழகத்தின் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி 2006 ஆம் ஆண்டு முதல் தொலைக்கல்வி முறையில் 2 ஆண்டு டிப்ளோமாவை நடத்தி, சிறு வைத்தியசாலைகளில் பணிபுரியும் இந்திய வைத்தியர்களைச் சென்றடைந்தது. 'குறைவாக அனுப்புங்கள், கூடுதலாகத் தீர்த்து வையுங்கள்' என்பதே அதன் தாரக மந்திரம். கையில் உள்ள நோயாளியை நகரத்து வைத்தியசாலைக்கு அனுப்பிவிடுவதற்கு முன்னர், தம்மால் இயன்றதை முறையாகச் செய்து முடிக்கும் ஆற்றலை வைத்தியருக்கு அளிப்பதே அதன் நோக்கம்.

பிரித்தானிய முறையில் முதுமாணிப் பட்டம் ஒன்றுக்கு 180 கிரெடிட் புள்ளிகள் வேண்டும். 60 புள்ளிகளுடன் சான்றிதழும், 120 புள்ளிகளுடன் டிப்ளோமாவும் பெற்று இடையில் விலகிக்கொள்ளவும் வழக்கமாக இடமுண்டு. ஒரு புள்ளிக்கு 10 மணித்தியாலக் கற்றல் எனக் கணக்கிடப்படுவதால், 3 ஆண்டுகளில் 1800 மணித்தியாலங்கள் தேவைப்படுகின்றன. அதாவது வாரமொன்றுக்கு ஏறத்தாழ 12 மணித்தியாலங்கள். காலை முதல் பிற்பகல் 4 மணி வரை அரசாங்கக் கடமையும் அதன் பின்னர் தனியார் சிகிச்சையுமாக நாளைக் கழிக்கும் வைத்தியருக்கு, இந்த 12 மணித்தியாலங்கள் உறக்கத்திலிருந்தோ, வருமானத்திலிருந்தோ, குடும்பத்திலிருந்தோதான் வரவேண்டும். 'பகுதிநேரம்' என்ற சொல்லைக் கேட்டு, இது இலகுவான பட்டம் என்று எவரும் எண்ணிவிடலாகாது.

இம்முறையின் தலையாய நன்மை, வைத்தியரின் சொந்தச் சிகிச்சை அறையே வகுப்பறையாகி விடுவதாகும். நீரிழிவு பற்றிய பாடத்தை இரவில் படிப்பவர், மறுநாள் தமது கிளினிக்கின் பதிவேட்டைத் திறந்து, கடந்த ஓராண்டில் எத்தனை நீரிழிவு நோயாளரின் பாதங்கள் பரிசோதிக்கப்பட்டன என்று எண்ணிப் பார்க்கலாம். விடை வெட்கத்தைத் தருவதாயின், நடைமுறையைத் திருத்தி ஆறு மாதங்களின் பின்னர் மீண்டும் எண்ணலாம். அதுவே அவரது ஒப்படையாகவும் அமையும். அந்தக் கணக்கெடுப்பினால் ஒருவரது கால் துண்டிக்கப்படாமல் காக்கப்படுமாயின், பட்டத்தின் பயன் பட்டமளிப்பு விழாவுக்கு முன்னரே ஊருக்குக் கிடைத்துவிடுகின்றது.

எனினும் குறைகளை மறைப்பது நேர்மையாகாது. கணினித் திரையில் மருத்துவச் சிந்தனையைக் கற்கலாம். கர்ப்பிணியின் வயிற்றைத் தொட்டுப் பார்க்கவும் வீங்கிய மூட்டில் ஊசி ஏற்றவும் அருகில் நின்று திருத்தும் ஆசான் வேண்டும். அங்கீகாரம் பற்றியும் தெளிவு அவசியம். பிரிட்டனின் இணையவழி முதுமாணிப் பட்டம் அங்கு குடும்ப வைத்தியராகப் பணியாற்றும் உரிமையைத் தருவதில்லை. இலங்கையில் பட்டப்பின் மருத்துவ நிறுவகம் அளிக்கும் நிபுணர் தகுதிக்கும் அது ஈடாகாது. கட்டணமோ வெளிநாட்டு நாணயத்தில் அறவிடப்படுகின்றது. 2022 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 200 ரூபாவாக இருந்த டொலர் சில மாதங்களில் 360 ரூபாவைத் தாண்டியபோது, வெளிநாட்டுக் கல்வி எவ்வளவு நிலையற்றது என்பதை எமது மக்கள் அனுபவத்தில் கண்டனர்.

மொழியும் கவனத்திற்குரியது. இக்கற்கைகள் ஆங்கிலத்தில் நடைபெறுகின்றன. நோயாளியோ தமிழில் நோகின்றார். 19 ஆம் நூற்றாண்டில் மானிப்பாயில் சாமுவேல் கிறீன் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தும் நூல்களை மொழிபெயர்த்தும் இதற்கு வழிகாட்டினார். குடும்ப மருத்துவத்தில் உரையாடலே முதற் கருவியாதலால், ஆங்கிலத்தில் கற்றதை யாழ்ப்பாணத்து, மட்டக்களப்பு, மலையக வழக்குகளிலும் முஸ்லிம்களின் பேச்சு வழக்கிலும் சொல்லிப் பழகும் பயிற்சியை எமது மருத்துவ பீடங்கள் அளிக்க வேண்டும். தமிழ் அறியாத வைத்தியர்கள் தமிழ் பேசும் பிரதேசங்களில் கடமையாற்றுகையில் இத்தேவை இரட்டிப்பாகின்றது.

இலங்கையில் நிகழும் மரணங்களில் பத்தில் எட்டு வரையானவை தொற்றா நோய்களினால் நேர்பவை. உயர் குருதி அமுக்கமும் நீரிழிவும் சத்திரசிகிச்சைக் கூடத்தில் வெல்லப்படுபவை அல்ல. ஆண்டுக்கணக்கில் ஒருவரே கவனித்து வர வேண்டியவை. ஆரம்ப சுகாதாரப் பராமரிப்பை வலுப்படுத்துவதற்கென 2018 இல் உலக வங்கி 20 கோடி டொலர் நிதியுதவிக்கு ஒப்புதல் அளித்தது. கட்டடமும் உபகரணமும் அதனால் வரலாம். அங்கே அமரும் வைத்தியரின் அறிவு வளராவிடின், நோயாளர் மீண்டும் நகரத்துக்கே பஸ் ஏறுவர்.

ஆகவே சுகாதார அமைச்சு சிலவற்றைத் தாமதமின்றிச் செய்யலாம் என்பது எமது கருத்து. பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தின் குடும்ப மருத்துவக் கற்கைகளில் இயன்ற பகுதிகளை இணையவழியில், ரூபாக் கட்டணத்தில், மாகாணங்களில் பணிபுரிவோருக்குத் திறந்துவிட வேண்டும். செய்முறைப் பயிற்சிக்கு யாழ்ப்பாணம், மட்டக்களப்பு போன்ற போதனா வைத்தியசாலைகளைப் பயன்படுத்தலாம். கற்போருக்கு வாரத்தில் ஒரு நாள் கடமை விலக்களிப்பதோடு, பின்தங்கிய பிரதேசத்தில் தொடர்ந்து சேவையாற்றும் உறுதிமொழியையும் அவர்களிடம் பெறலாம். 2022 இன் பின்னர் வைத்தியர்கள் பலர் நாட்டை விட்டு வெளியேறியதைக் கண்டு புலம்புவோர், தங்கியிருப்போருக்கு வளர்வதற்கு வழி செய்திருக்கின்றோமா என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

வெளிநாட்டுக் கற்கையொன்றில் சேர விரும்பும் இளம் வைத்தியர்கள் பணத்தைச் செலுத்துவதற்கு முன்னர், அப்பட்டம் தமது பதவி உயர்வில் கணக்கெடுக்கப்படுமா என்பதை எழுத்தில் கேட்டறிந்துகொள்வது நன்று. பொதுமக்களுக்கும் ஒரு பொறுப்புண்டு. சிறு தலைவலிக்கும் நிபுணரைத் தேடி ஓடும் வழக்கத்தைக் கைவிட்டு, அருகிலுள்ள ஒரு வைத்தியரைத் தமது குடும்பத்துக்குரியவராக ஏற்று, அந்தப் பொலித்தீன் பையை அவர் முன்னால் அவிழ்த்து வைக்க வேண்டும். மக்கள் நாடி வராத வைத்தியர் எத்தனை பட்டங்களைப் பெற்றிருந்தாலும் அவரால் ஊருக்கு ஆகப்போவது எதுவுமில்லை.